படைக்கு ஒரு ட்யூப் கேட்கும் முன்: தோலில் வந்தது என்னவென்று பார்க்கும் முறை

மேலூர் பக்கம் மருந்துக்கடையில் நிற்கிறவன் நான். கடையில் அதிகம் காதில் விழுகிற வாசகம், "அண்ணே, படைக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்பதுதான். எங்கே வந்திருக்கிறது, எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். படை என்றால் படைதானே, இதில் என்ன விசாரணை என்பார்கள். ஆனால் வட்டமாக, அரிப்போடு வருகிற தோல் தொந்தரவுகள் மட்டுமே அரை டஜனுக்கு மேல் இருக்கின்றன, ஒன்றை அடக்குகிற மருந்து இன்னொன்றை வளர்த்துவிடும். டாக்டரிடம் போகாமல் தப்பிக்க வழி சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை விட்டுவிடலாம், எதற்கு ஆற அமரப் போகலாம், எதற்கு இன்றைக்கே ஓட வேண்டும் என்று நீங்களே பிரித்துப் பார்க்கத்தான் எழுதுகிறேன்.

நிறத்தை நம்பாதீர்கள்

இணையத்தில் தேடினால் எல்லாத் தோல் நோய்க்கும் "சிவந்த தடிப்பு" என்று போட்டிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அழற்சி வந்தால் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை, ஊதா கலந்த கருமையாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும், சில நேரம் நிறமே மாறாமல் தடித்து மட்டும் இருக்கும். அதனால் கண்ணை விட விரலுக்கு அதிக வேலை கொடுங்கள். வாசலில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா, சொரசொரப்பா வழவழப்பா என்று தடவிப் பாருங்கள். நகத்தால் லேசாகச் சுரண்டிச் செதில் உதிர்கிறதா என்று பாருங்கள். உடம்பில் எந்த இடம், அரிப்பு பகலிலா ராத்திரியிலா, தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா, வீட்டில் இன்னொருவர் சொறிகிறாரா. இவ்வளவும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் தோலில் எந்த அழற்சி ஆறினாலும் அந்த இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அரிப்பு இல்லை, செதில் இல்லை, தடவினால் மட்டமாக இருக்கிறது என்றால் நோய் போய்விட்டது, நிறம் மட்டும் பாக்கி என்று அர்த்தம். அந்தக் கறுப்பைப் போக்குகிறேன் என்று பழைய ட்யூபையே தொடர்ந்து தடவுகிறவர்கள்தான் புதுத் தொந்தரவை வாங்கிக்கொள்கிறார்கள்.

படர்தாமரை

எங்கள் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு இருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இது பூஞ்சையால் வருவது. வட்டமாகவோ வளைந்து வளைந்தோ விளிம்பு இருக்கும், அந்த விளிம்பு மட்டும் மேடாக, செதிலோடு, சில இடத்தில் பொடிப் பொடிக் குருவோடு இருக்கும், நடுப்பகுதி ஆறினது மாதிரி தெரியும். வட்டம் வெளிப்பக்கமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டுகிற இடுப்பு, அரைஞாண் கயிறு உரசுகிற இடம் என்று வேர்வை தங்குகிற இடமாகப் பார்த்து வரும். வெயிலில் நடந்து வேர்த்தால் அரிப்பு தாங்காது.

இதற்குக் கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் மூன்று மருந்து கலந்த ட்யூப். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பைச் சட்டென்று நிறுத்துவது அந்த ஸ்டீராய்டுதான். அதனால்தான் "அந்த ட்யூப் மாதிரி வராதுண்ணே" என்று திரும்பி வந்து அதையே கேட்கிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பை அடக்கி வைக்கிறது, பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். தடவுவதை நிறுத்தினதும் பழைய வட்டத்துக்குள் புது வட்டமாகக் கிளம்பும், விளிம்பு கலைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே சொல்ல முடியாத உருவத்துக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் போட்டவர்களுக்குத் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழும், அந்தக் கோடு பிறகு போகவே போகாது. வீரியமான ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு பட்டியலில் சேர்த்துவிட்டது. நடைமுறை எப்படி என்று உங்களுக்கே தெரியும். ட்யூபின் மேல் க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமீட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அதைப் படர்தாமரைக்கு வாங்காதீர்கள், கடைக்காரரே எடுத்து நீட்டினாலும்.

பூஞ்சைக்கு மட்டுமேயான களிம்பு போதும் என்ற காலமும் கொஞ்சம் மாறிப்போயிருக்கிறது. 2020-இல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று தனியாகப் பெயர் வைத்த ஒரு வகைப் பூஞ்சை இந்தியா முழுக்கப் பரவியிருக்கிறது, வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்கே அது பல பேரிடம் மசிவதில்லை. அதனால் ஓரிரு சின்ன வட்டம் என்றால் களிம்பு போட்டுப் பார்க்கலாம். வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலம் சேர்த்துத் தடவி, மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பல இடத்தில் இருந்தாலோ, தலையிலோ நகத்திலோ இருந்தாலோ, ஏற்கெனவே கலப்பு ட்யூப் போட்டிருந்தாலோ தோல் டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை வாரக்கணக்கில் தேவைப்படும். துண்டும் சோப்பும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். உள்ளாடையைக் கொல்லைப்புற நிழலில் காயப்போடாமல் வெயிலில் போடுங்கள், மதுரையில் வெயிலுக்கா பஞ்சம். வீட்டில் இது வந்திருக்கிற எல்லாருக்கும் சேர்த்து மருந்து பார்க்காவிட்டால் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெளிறின திட்டுகள்

நம்மிடம் எல்லா வெளுப்புக்கும் தேமல் என்று ஒரே பெயர். உண்மையில் தேமல் என்பது எல்லார் தோலிலும் இயல்பாகவே குடியிருக்கிற ஈஸ்ட் என்ற ஒரு வகைப் பூஞ்சை வேர்வையிலும் எண்ணெய்ப்பசையிலும் பெருகுவதால் வருவது. கழுத்து, மார்பு, முதுகு, தோள் பக்கம் சின்னச் சின்னத் திட்டாக ஆரம்பித்து ஒன்றோடொன்று சேரும். வெளிறியும் இருக்கலாம், சிலருக்குப் பழுப்பாகவும் இருக்கலாம். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி மெல்லிய செதில் எழும்பும், அதுதான் அடையாளம். கீட்டோகொனசோல் கலந்த ஷாம்பூவைத் திட்டுகளின் மேல் தடவி ஐந்து பத்து நிமிடம் விட்டுக் குளித்தால் பெரும்பாலும் அடங்கும். பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள், இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்ததற்குத் தாவுவீர்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் வருகிற வெளிறின வட்டம் வேறு. வயிற்றுப் பூச்சி, கால்சியம் குறைவு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டும் இல்லை, அது லேசான கரப்பான் (எக்சிமா) வகை, வறண்ட தோலில் வருவது. வெயிலில் மற்ற இடம் கறுக்கும்போது இது எடுப்பாகத் தெரியும். தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ தடவி வந்தால் நாளடைவில் தானாக மறையும்.

வெண்புள்ளி என்றால் பால் வெள்ளை, விளிம்பு தெளிவாக இருக்கும், செதில் இருக்காது, உணர்ச்சி முழுக்க இருக்கும், அந்த இடத்து முடிகூட வெளுக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி நிறமி செல்களையே தாக்குவதால் வருவது. தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. இதைக் குஷ்டம் என்று சொல்கிற பழைய வழக்கம் இன்னும் கல்யாணப் பேச்சில் தலை காட்டுவதுதான் கொடுமை. ஆரம்பத்திலேயே போனால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். ஒட்டும் பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வெளுத்தால் பொட்டின் பசை காரணமாக இருக்கலாம், முதலில் அதை நிறுத்துங்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, உணர்ச்சி இல்லாத திட்டு. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் திட்டின் மேலும் பக்கத்து நல்ல தோலிலும் மாறி மாறித் தொட்டு, தொடுகிற இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். திட்டின் மேல் தொட்டது தெரியவில்லை, அங்கே வேர்க்கவில்லை, முடி உதிர்ந்திருக்கிறது என்றால் தொழுநோயா என்று பரிசோதிக்க வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். தள்ளிப்போட்டால் நரம்பு போய் விரல் மடங்கும், அதைத்தான் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ராத்திரி அரிப்பும் ஓடிப்போகும் தடிப்பும்

படுத்த பிறகு அரிப்பு பிடுங்குகிறது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அக்குள், ஆண்களுக்குப் பிறப்புறுப்பில் குரு, கூடவே வீட்டில் இரண்டு பேராவது சொறிகிறார்கள் என்றால் அது சிரங்கு. தோலுக்குள் குடைகிற நுண்பூச்சி. ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்த பிள்ளையோடு சேர்ந்து வீட்டுக்குள் வருவது சகஜம். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு ஆரம்பிக்க இரண்டு வாரம் முதல் ஆறு வாரம்வரை ஆகும் என்பதால், அரிக்காதவரும் சேர்ந்தேதான் மருந்து போட வேண்டும். பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்தில் இருந்து கால் விரல்வரை ஒரு இடம் விடாமல் ராத்திரி தடவி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டுவைப்பது வீண். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். போர்வை, தலையணை உறையை அதே நாளில் கொதிநீரில் அலசுங்கள். பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் இருக்கும், பதறி மறுபடி மறுபடி தடவ வேண்டாம்.

காணாக்கடி இதற்கு நேர்மாறு. திடீரென்று தடித்துப் பட்டை பட்டையாக எழும்பும், அரிக்கும், சில மணி நேரத்தில் அங்கே அமுங்கி வேறு இடத்தில் கிளம்பும். சந்தேகமாக இருந்தால் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் கோட்டுக்குள் தோல் சாதாரணமாகிவிட்டால் காணாக்கடிதான். களிம்பு எதுவும் உதவாது, செட்டிரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைதான் வழி. ஆறு வாரத்துக்கு மேல் போனால் டாக்டர். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், குரல் மாறினால் 108-க்குப் போன் போடுங்கள், மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று உட்கார வேண்டாம்.

மாத்திரையால் வருகிற ஒன்றும் உண்டு, கடையில் நிற்கிறவனுக்கு இது அடிக்கடி கண்ணில் படும். உதட்டிலோ கையிலோ பிறப்புறுப்பிலோ வட்டமான கருந்திட்டு வந்து ஆறும், சில மாதம் கழித்துச் சரியாக அதே இடத்தில் மறுபடி வரும். காய்ச்சலுக்கோ வலிக்கோ வயிற்றுப்போக்குக்கோ போட்ட மாத்திரையை நினைவுபடுத்திப் பார்த்தால் இரண்டு தடவையும் ஒரே மருந்தாக இருக்கும். அந்தப் பெயரை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள்.

கரப்பான், செதில் படை, ஒவ்வாமை

கரப்பான் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்பக்கமும் வரும், கைக்குழந்தைக்குக் கன்னத்தில். விளிம்பு தெளிவாக இருக்காது, ஓரம் கலைந்து, சில நேரம் நீர் கசியும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ தும்மலோ இருக்கும். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் பிள்ளைக்கு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட உணவு சாப்பிட்டதும் வருகிறது என்று தெளிவாகத் தெரிந்தால் ஒழிய அது தேவையில்லை. குளித்த மூன்று நிமிடத்துக்குள் ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுவதும், சோப்பைக் குறைப்பதும்தான் உண்மையான வைத்தியம். பெரிதானால் இதற்கு ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படும், டாக்டர் சொன்ன நாள் கணக்கில் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. படர்தாமரைக்கு விஷமாகிற அதே மருந்து இங்கே சரியான மருந்து.

சொரியாசிஸ், காளாஞ்சகப்படை என்றும் சொல்வார்கள், மடிப்பின் எதிர்ப்பக்கம் வரும்: முழங்கை முட்டி, முழங்கால் முட்டி, இடுப்பின் பின்பக்கம், தலை. தடித்த திட்டு, அதன் மேல் அடுக்கடுக்காக வெள்ளிச் செதில், செதிலைப் பிய்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம். நகத்தில் ஊசி குத்தின மாதிரி குழிகள் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. தொற்றாது. முற்றாக ஒழிப்போம் என்று சொல்லிப் பெயரில்லாத பொட்டலம் தருகிறவர்களிடம் போகாதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நிறுத்தும்போது உடம்பு முழுக்கத் தோல் உரிகிற நிலைக்குக் கொண்டுபோகும். மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை, தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டை வீட்டில் இருக்கிற படித்தவர் யாரையாவது மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வாமைக்கு இடமே சாட்சி. கவரிங் தோடு போட்ட காது, பெல்ட் பக்கிள் படுகிற தொப்புள், ரப்பர் செருப்பு வாரின் வடிவம் அப்படியே பாதத்தில், ஹேர் டை அடித்த மறுநாள் காதோரம். கொத்தனாருக்குச் சிமெண்ட் படுகிற கை. காட்டில் பார்த்தீனியம் பிடுங்குகிறவருக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துக் கறுத்திருக்கும். களிம்பு போடுவது இரண்டாவது, பொருளை விலக்குவதுதான் முதல்.

பூச்சிக் கொப்புளமா, அக்கியா

பெரியாறு பாசன வயல் பக்கம் மழைக்குப் பிறகு ட்யூப்லைட்டுக்கு எறும்பு மாதிரி ஒரு பூச்சி வரும், ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். நெல்லைக் கெடுக்கிற புகையான் பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சிதான், கடிக்கவும் செய்யாது. ஆனால் மேலே உட்கார்ந்ததைத் தட்டி நசுக்கினால் அதன் உடம்புச் சாறு பட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ கோடு இழுத்தது போல எரிச்சலும் கொப்புளமும் வரும், முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே அச்சாக விழும். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓரிரு வாரத்தில் ஆறிவிடும்.

இதை அக்கி என்று நினைத்து அலைகிறவர்களும் உண்டு, அக்கியைப் பூச்சிக்கடி என்று விடுகிறவர்களும் உண்டு. இரண்டாவதுதான் ஆபத்து. அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும், முதுகில் இருந்து முன்பக்கம் பட்டையாக வரும், கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக இருக்கும், அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலோ குத்தலோ இருந்திருக்கும். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமிதான் நரம்பில் தங்கியிருந்து திரும்ப வருகிறது. காவி கரைத்து அக்கி எழுதுவது மனதுக்கு ஆறுதல் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் வைரஸை அடக்குகிற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன், வயதானவர்களுக்குப் பின்னால் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கவும் கூடும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணையும் தாக்கலாம், அன்றைக்கே கண் டாக்டர் பார்க்க வேண்டும். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இதற்குத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

வெயில் காலம்

வேர்க்குரு தெரியாதவர் மதுரையில் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் கட்டி வெல்வெட் சட்டையோடு தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வேர்வைத் துளை அடைபடுவதுதான் காரணம், ஆகவே மேலே எண்ணெய் பூசுவதும், வேர்வையோடு சேர்த்துப் பவுடரை அப்புவதும் அடைப்பைக் கூட்டும். பச்சைத்தண்ணீர்க் குளியல், தளர்ந்த பருத்தித் துணி, காற்று. நுங்குத் தண்ணீர் தடவுவதில் தப்பில்லை, குளிர்ச்சிதான் மருந்து. வேனற்கட்டி வேறு, அது பாக்டீரியா, மாம்பழத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், பிதுக்காதீர்கள், முக்கியமாக மூக்கைச் சுற்றி. திரும்பத் திரும்பக் கட்டி வந்தால் சர்க்கரை பாருங்கள்.

விட்டுவிடக் கூடியவை

கழுத்திலும் அக்குளிலும் தொங்குகிற மரு, நடுவயதுக்கு மேல் கன்னத்தில் வருகிற சின்னக் கறுப்பு மேடுகள், தோலுக்கு அடியில் மெத்தென்று நகர்கிற கொழுப்புக்கட்டி, நடுவில் சின்னக் குழியோடு பிள்ளைகளுக்கு வருகிற பாலுண்ணி எல்லாம் நல்ல சாதி, அழகுக்காக வேண்டுமானால் எடுக்கலாம். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்தால் மருவோடு தோலும் வெந்து தழும்பாகும். பிள்ளைகளுக்குக் கையில் வருகிற சொரசொரப்பான மரு ஓரிரு வருடத்தில் தானாகவே உதிர்வது அதிகம், தெப்பத்தில் வெல்லம் கரைக்கிற வேண்டுதல் பலிப்பதும் அந்தக் கணக்கில்தான், பிள்ளைக்கு வலிக்காத வைத்தியம் என்ற வகையில் எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. கழுத்துப் பின்புறம் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்தால் அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்காதீர்கள், அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், எடையையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்கிறது.

இன்றைக்கே போக வேண்டியவை

புது மாத்திரை ஆரம்பித்த சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு, வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. வலிப்பு மாத்திரை, சில ஆன்டிபயாடிக், யூரிக் ஆசிட் மாத்திரை இதில் பெயர் போனவை. காய்ச்சலோடு ஊதாப் புள்ளிகள் வந்து கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாவிட்டால் அதுவும் அப்படியே. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலியோடு மேலே ஏறினால், சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி தாண்டக் கூடாது. உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ கருந்திட்டு பெரிதாகிக்கொண்டே போனால், எந்த மச்சமாவது உருவம் மாறினால், புண் ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள், நம் நிறத்துக்குத் தோல் புற்று குறைவுதான் என்றாலும் மச்சம் மாதிரி வருகிற வகை பெரும்பாலும் பாதத்தையும் நகத்தையும் பார்த்து வரும்.

மதுரையில் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். போகிற அன்று அந்த இடத்தில் எதையும் தடவாதீர்கள், பவுடரும் வேண்டாம். ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று காட்டப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ போனில் இருந்தால் நல்லது. இதுவரை போட்ட ட்யூப் எல்லாவற்றையும், தீர்ந்துபோனதன் அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்ததையும் சேர்த்து.